ஜீப்புக்கு ஒதுக்கிய குடம்

யாரையும் நம்பாமல், என்னை மட்டும் அரைகுறையாக நம்பிய என் நைனாவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டால், "இன்னாத்துக்கு கேக்கற?" என்று திருப்பிக் கேட்பாய். அதனால் கேட்கவில்லை. இங்கே எல்லோரும் சுகம்தான். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் போகவில்லை. உன் பேத்தி பிரியா ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். யாருக்காவது ரப்பர் கொடுத்தால், அந்தப் பிள்ளை அழித்து முடித்துத் திருப்பிக் கொடுக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறாளாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். தாத்தா புத்தி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது?

எழுத வந்தது உன் ஜீப்பைப் பற்றி. முழுவதும் கேள். பிடிக்காத பேச்சு வந்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவாயே, அதை மட்டும் இன்றைக்குச் செய்யாதே.

நீ போன பிறகு சேகர் மணலி கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை கிளட்ச்சை மிதித்தே தேய்த்துவிடுவான் என்று நீ சொன்னதை அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. காத்திவாக்கம் கரையில் அதே வேலைதான். விடிந்து பைபர் படகுகள் கரை சேர்ந்ததும் கயிறு கட்டி மணலில் மேலே இழுத்துவிடுவது, எஞ்சினையும் வலையையும் ரோடு வரைக்கும் ஏற்றிப் போவது. வேன் மணலில் இறங்கினால் அச்சுவரை புதைந்துவிடும். நாலு சக்கரமும் இழுக்கிற உன் பட்டாளத்து ஜீப்புதான் அங்கே நிற்கும். எங்கள் சோறு அந்த மணலில்தான் கிடக்கிறது.

போன மாசியில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. மாலையில் வாய் வரைக்கும் ஊற்றி மூடினால், காலையில் திறக்கும்போது ஒரு சொம்பு குறைகிறது. கீழே சொட்டுகிறதா என்று அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தேன். அட்டை காய்ந்து கிடந்தது. ஒழுகாத தண்ணீர் எங்கே போகும்? எனக்கு முதலில் தோன்றியது உன் மாப்பிள்ளையைத்தான். எனக்குத் தெரியாமல் வேறு எங்கேயோ ஓட்டிப் போய்ச் சூடாக்கி வருகிறார் என்று நினைத்தேன்.

"இன்னாய்யா, நேத்து கரைய வுட்டு வேற எங்கனா போனியா?"

"எங்க போறது? கரைக்குப் போனேன், வூட்டுக்கு வந்தேன்."

"அப்ப தண்ணிய யாரு குடிச்சது?"

"நான்தான் குடிச்சேன். போதுமா?"

மீட்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், அது நீ இருக்கும்போதே செத்துவிட்டது. பிரியாவின் சாக்பீஸை எடுத்து, டயர் தரையைத் தொடுகிற இடத்தில் டயரிலும் தரையிலும் கோடு போட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் கோடும் கோடும் நேராக நிற்கிறது, தண்ணீர் மட்டும் குறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் திறந்து மொண்டுகொள்கிறாரோ என்றுகூட ஒருநாள் நினைத்தேன். சிரிக்காதே. நீயாக இருந்தால் அவர் வீட்டுக் குடத்தையே போய்ப் பார்த்திருப்பாய்.

அப்புறம் புகை. காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி கிளம்பியது. "இன்னா சேகரு, இட்லி வேக வெச்சிக்கினு கீறியா?" என்று கரையில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒருநாள் சேகர் ஏழுமலையின் படகைப் பாதி மேட்டுக்கு இழுத்திருக்கிறார், சூட்டு முள் சிவப்புக்குப் போய் ஜீப்பு அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த அலை படகைப் பக்கவாட்டில் தள்ளி, ஒரு பக்கம் கல்லில் இடித்துப் பிளந்துவிட்டது. ஏழுமலை கத்திய கத்தல் எண்ணூர் வரைக்கும் கேட்டிருக்கும். மறுவாரம் அவரே எங்கிருந்தோ ஒரு டிராக்டரைப் பேசிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

டிராக்டருக்குப் படகுக்காரர்கள் பழகிவிட்டால் நம்மை மறுபடி கூப்பிட மாட்டார்கள். அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஜீப்பைச் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும், சரியாகவும் செய்ய வேண்டும். யாரிடம் கொடுப்பது?

திருவொற்றியூர் மெயின்ரோட்டில் ஒருவரிடம் முதலில் காட்டினோம். எண்ணெய் பார்க்கிற கம்பியை உருவினார். எண்ணெய் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தது. "என்ஜினு போச்சு. பேசாம தள்ளி வுட்ருங்க, எனுக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் வாங்கிப்பான்" என்றார். சொல்லும்போது அவர் கண் எஞ்சின் மேல் இல்லை, அடியில் குனிந்து முன் அச்சையும் கியர் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, இவருக்கு வேண்டியது அதுதான் என்று புரிந்துகொண்டேன். வண்டியைக் கயிறு கட்டி வீட்டுக்கே இழுத்து வந்துவிட்டோம்.

அன்றைக்குத்தான் அம்மா சொன்னாள்: "யூசுப்பாண்ட எடுத்துக்கினு போ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி ஐந்து வருஷம் இருக்கும். அதுவும் அம்மா சொல்கிறாள். ஏன் சொல்கிறாள்? வேண்டாம் என்றேன். "நீ கொண்டு போறியா, நான் தள்ளிக்கினு போவட்டுமா?" என்று கேட்டாள். முட்டிவலிக்காரி பேசுகிற பேச்சா அது? இதில் என்னவோ இருக்கிறது என்று அப்போதே பட்டது.

இதைப் படிக்கிறவர்களுக்கு யூசுப் மாமு யார் என்று சொல்ல வேண்டும். தண்டையார்பேட்டையில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறவர். என் நைனாவின் தோஸ்து. ராணுவத்தில் கழித்துப்போட்ட ஜீப்பை ஏலத்தில் எடுக்க இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். அதிலிருந்த பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்தியவர் அவர். ரம்ஜானுக்கு அவர் வீட்டு பிரியாணியும், பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பானையும் தவறியதில்லை, அந்தத் தண்ணீர்ப் பஞ்சக் கோடை வரைக்கும்.

அந்தக் கோடை உனக்கு நினைவிருக்கும் நைனா. பிரியா அப்போது கைக்குழந்தை. நம் தெருவுக்குத் தண்ணி லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், சில வாரம் அதுவும் வராது. கைப்பம்பில் வருவது வாயில் வைக்க முடியாத உப்பு. நானும் அம்மாவும் வரிசையில் நின்று அடித்துப் பிடித்துக் கொண்டுவரும் பச்சைக் குடத்தை முதலில் நீ எடுத்துக்கொள்வாய். அது ஜீப்பின் குடம். கதவுக்குப் பின்னால் தட்டு போட்டு மூடி வைப்பாய். உப்புத் தண்ணீர் ஊற்றினால் எஞ்சின் அரித்துப்போகும், நமக்கு இல்லாவிட்டாலும் அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்பாய். மறுநாள் காலையில் உன் கையாலேயே கொண்டுபோய் ரேடியேட்டரில் ஊற்றுவாய். வேறு யாரையும் தொட விடமாட்டாய்.

அந்த வருஷம்தான் முதல்முறை கேஸ்கெட் போனது. எஞ்சினின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவில் உட்கார்ந்து, தண்ணீரையும் எண்ணெயையும் நெருப்பையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் வைத்திருக்கிற தகடு அது. யூசுப் மாமு புதிதாகப் போட்டுக் கொடுத்தார். ஒரு மாதம் தாங்கவில்லை. நீ பட்டறைக்குப் போய்க் கேட்டாய். நானும் பிரியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நின்றேன்.

"ஒன் வண்டில உப்பு படிஞ்சி கீது. பம்ப்பு தண்ணி ஊத்தற நீ," என்றார் அவர்.

"என் கையால லாரித் தண்ணி ஊத்தறேன்டா. பழைய கேஸ்கெட்ட கழுவிப் போட்டுட்டு என்னையே பொய்யன்றியா?"

"யாரு பொய்யன்னு அல்லாவுக்குத் தெரியும். போ."

நீ போனாய். போனவன் சும்மா இருந்தாயா? மறுநாள் காத்திவாக்கம் கரையில், எல்லாப் படகும் வந்து சேர்ந்திருந்த நேரத்தில், பழையதைப் புதிது என்று போட்டுக் காசு வாங்குகிறவன் யூசுப் என்று உரக்கச் சொன்னாய். படகு எஞ்சின் ரிப்பேருக்கு அதுவரை அவரிடம்தான் எல்லோரும் போவார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் போகவில்லை. நீ மணலியில் வேறு ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து ஜீப்பை ஓட வைத்துக்கொண்டாய். உன்னைத் தூக்கிப் போன அன்று யூசுப் மாமு தெருமுனை டீக்கடையோரம் நின்றார், வீட்டுக்குள் வரவில்லை. இவர் எதற்கு இங்கே வந்து நோட்டம் பார்க்கிறார் என்றுதான் அழுகைக்கு நடுவிலும் எனக்குத் தோன்றியது.

அப்படிப்பட்டவரிடம் கொண்டுபோகச் சொன்னால் நான் வெறும் கையோடு போவேனா? ஜீப்பை அனுப்புவதற்கு முன்னால், எண்ணெய்ப் பம்ப், டைனமோ, ரேடியேட்டர் என்று கழற்றி மாற்றக்கூடிய எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் சிவப்பு நகப்பாலிஷால் புள்ளி வைத்தேன்.

பட்டறையில் யூசுப் மாமு ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது.

"ஒன் நைனா இருந்தா இது இங்க வருமா?"

"வராது மாமு."

"அப்ப நீ இன்னாத்துக்கு வந்த?"

"வேற வழி தெரியல."

"அது சரி," என்றார். பேனட்டைத் தூக்கிக் குனிந்தவர், கொஞ்ச நேரத்திலேயே தலையை நிமிர்த்தினார். "இன்னாம்மா, பம்ப்புக்கு நகப்பாலிஷ் போட்டு வுட்டுருக்க? அதுக்கு எங்கனா மாப்பிள பாத்துக்கினு கீறியா?"

மானம் போயிற்று. இருந்தாலும் கிளம்பிப் போகவில்லை. ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மெக்கானிக்கிடம் வண்டியைத் தனியாக விடாதே என்று சொன்னவன் நீதானே.

அவர் ஒரு போல்ட்டைக்கூட உடனே தொடவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றினார். "நீயே ஏறி ஸ்டார்ட் பண்ணு. நான் பண்ணா நம்ப மாட்ட," என்றார். பண்ணினேன். ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னார், அழுத்தினேன். பிறகு இறங்கி வந்து பார்த்தால், தண்ணீருக்குள்ளிருந்து குமிழி குமிழியாக வந்துகொண்டே இருக்கிறது. எஞ்சினுக்குள் எரிகிற காற்று தண்ணீருக்குள் புகுகிறது என்றார். எஞ்சின் நின்ற பிறகு அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, காலையில் ஆவியாகப் போகிறது. கொஞ்சம் எண்ணெயிலும் கலக்கிறது. சொம்புத் தண்ணீர் எங்கே போயிற்று என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சேகரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், இன்னும் கேட்கவில்லை.

"கேஸ்கெட்டுதான். ஹெட்ட கழட்டணும்," என்றார்.

எஞ்சினின் மேல்பாதிதான் ஹெட். கழற்றினார். தண்ணீரை வடித்து, குழாய்களைப் பிரித்து, மேலே இருந்த நீளக் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி, ஓர் அட்டையில் ஓட்டை போட்டு எடுத்த வரிசையிலேயே குத்தி வைத்தார். வரிசை மாறினால் வேலை கெட்டுவிடுமாம். அவரும் சேகரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஹெட்டைத் தூக்கி வைத்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் தகடு எரிந்து கருகி, விரல் அகலத்துக்கு இல்லாமலே போயிருந்தது. அதைச் சுற்றிலும் தடியாக ஏதோ பசை அப்பிக் காய்ந்திருந்தது. "இது நம்ப வேலை இல்ல. மணலிக்காரன் கைவண்ணம்," என்றார்.

பசையைச் சுரண்டிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார். ஹெட்டின் அடிப்பரப்பு முழுக்கப் பள்ளம் பள்ளமாக அரித்திருந்தது. தண்ணீர் போகிற துளைகளில் வெள்ளையும் பழுப்புமாகக் கெட்டியாக ஏதோ படிந்து, சில துளைகள் பாதிக்குமேல் அடைத்திருந்தன. அது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைப்பம்புத் தண்ணீரில் குளிக்க வெந்நீர் போடுகிற நம் வீட்டு குண்டானின் அடியிலும் அதேதான் படிந்திருக்கும். எத்தனை தடவை தேய்த்திருப்பேன்.

"சேகர் ஊத்தனதா இருக்கும்," என்றேன்.

"சேகரு இப்ப குழாய்த் தண்ணி ஊத்தறாரு. நல்லா பாரும்மா. இந்தப் பள்ளத்துக்குள்ள பூந்து பசை காஞ்சி கீது. அப்ப பசைக்கு முன்னாடியே அரிச்சிருக்கணும். பசை போட்டது எப்ப? என்னாண்ட சண்டை போட்டுக்கினு மணலிக்குப் போனானே, அப்ப. அதுக்கு முன்னாடி இந்த வண்டிக்கு யாரு தண்ணி ஊத்தனது?"

நீதான். நீ மட்டும்தான். பழைய வஞ்சத்துக்கு அவரே உப்பைக் கரைத்து அப்பி வைத்துக் காட்டுகிறாரோ என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனால் கழற்றும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான். அவர் கை போன இடமெல்லாம் என் கண்ணும் போயிருக்கிறது. அப்படியானால் ஒன்றுதான் மிச்சம்: என் நைனா பொய் சொல்லியிருக்கிறான். அதை என்னால் விழுங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். "செத்துப்போனவர இன்னிக்கும் பொய்யர்ன்றாரும்மா அவரு. இதுக்குத்தான் என்னைய அங்க அனுப்பனியா?" என்று கேட்டேன்.

அம்மா தலை நிமிரவில்லை. "உங்க நைனா பொய் சொல்லல," என்றாள். அடுத்த நெத்திலியை எடுத்தபடி, "யூசுப்பும் பொய் சொல்லல," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். துண்டை எடுக்காதே, உட்கார்.

"பிரியாவுக்கு வயித்தால போய்க்கினே இருந்துச்சே, நெனப்பு கீதா? ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்க? நல்ல தண்ணிய காய்ச்சிக் குடுங்க, உப்புத் தண்ணி ஒரு சொட்டு கூடாதுன்னாங்க. லாரி வராத நாளு வூட்டுல நல்ல தண்ணின்னு இருந்தது அந்த ஒத்தக் கொடம்தான். நான் இன்னாடி பண்ணட்டும்? விடியறதுக்குள்ள அத்த எடுத்து வேற சட்டில ஊத்திட்டு, அந்தக் கொடத்துல பம்ப்பு தண்ணிய ரொப்பி, அதே தட்ட மூடி வெச்சிருவேன். அவரு எந்திரிச்சி வந்து தூக்கிக்கினு போவாரு. ஒரு வேள ரெண்டு வேளன்னு நெனச்சேன். கோடை பூராவும் அப்படியே போச்சு."

"நைனாவாண்ட கேட்டுருக்கலாமே?"

"ஒருவாட்டி கேட்டேன். குடுத்தாரு. குடுத்துட்டு, கொழந்தைக்கு எவ்ளோ ஊத்தன, ஒலைக்கு எவ்ளோ ஊத்தனன்னு கொடத்துக்குள்ள எட்டிப் பாத்துக்கினே இருந்தாரு. பச்சக் கொழந்த குடிக்கற தண்ணிக்கு கணக்கு சொல்லணுமான்னு ஆயிடுச்சி. அப்பால கேக்கல."

நைனா, இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா? நீ உயிரையே வைத்திருந்த குழந்தை அவள். உன் நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டுதான் தூங்க வைப்பாய். ஆனாலும் குடத்தை எட்டிப் பார்த்தாய். நீ எட்டிப் பார்த்திருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாக்பீஸால் டயரில் கோடு போட்டவள் நான், எனக்குத் தெரியாதா?

அன்றைக்குச் சண்டை போட்டுவிட்டு நீ வீட்டுக்கு வந்து, "என்னைய பம்ப்பு தண்ணி ஊத்தறவன்றான்டி," என்று குதித்தபோது அம்மா அடுப்படியில் இருந்திருக்கிறாள். நடந்தது அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. கோடையும் முடிகிற நேரம் அது. அன்றிலிருந்து குடத்தை மாற்றுவதை நிறுத்தினாள். வாயைத் திறக்க மட்டும் பயம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்து, கடைசியில் கேட்க நீயே இல்லாமல் போய்விட்டாய். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. ஒரு வாய்ச் சொல், அதைச் சொல்லியிருந்தால் உனக்கு உன் தோஸ்து மிஞ்சியிருப்பான். அப்புறம் பள்ளிக்கூடம் விட்டு பிரியா பையை வீசிவிட்டு உள்ளே ஓடி வந்து, தண்ணீர் மொண்டு மடமடவென்று குடித்தாள். நான் உட்கார்ந்து அம்மாவோடு மிச்ச நெத்திலியை ஆய ஆரம்பித்தேன்.

ஹெட்டை ராயபுரத்தில் லேத்துப் பட்டறைக்கு அனுப்பி அடிப்பரப்பைச் சீவி நேராக்கி வாங்கினோம். துளைகளை எல்லாம் யூசுப் மாமு கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தார். புது கேஸ்கெட்டை உறை பிரிக்காமல் என் கையில் கொடுத்தார். "நீயே பிரி. பழசா புதுசா பாத்துக்க," என்றார். நான் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "பிரிம்மா," என்றார் கொஞ்சம் கடுமையாக. பிரித்துக் கொடுத்தேன்.

ஹெட்டை உட்கார வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குச் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். ஒரே தடவையில் இறுக்கக் கூடாது. முதல் சுற்று லேசாக, அப்புறம் கொஞ்சம், அப்புறம் முழுசாக. அந்த நேரத்தில்தான் அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நான் கூப்பிடவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் வந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றைக்கூட மறைக்கவில்லை.

யூசுப் மாமு ரெஞ்சைக் கீழே வைக்காமல் கேட்டார். முடிந்ததும் அந்தச் சுற்றில் மிச்சமிருந்த போல்ட்டுகளை இறுக்கினார். அதற்குப் பிறகுதான் ரெஞ்சை வைத்தார்.

"அஞ்சு வருசம்," என்றார். "அவன் பம்ப்பு தண்ணி ஊத்திட்டு என் மூஞ்சிக்கு நேரா பொய் சொல்றான்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன். நோன்பு தொறக்கும்போதுகூட அவனைத் திட்டிருக்கேன். அவன் சாவுக்கு வந்து தெருமுனையில நின்னேன். உள்ள வந்து அவன் மூஞ்சியப் பாக்க எனுக்கு மனசு வரல. இப்ப வந்து சொல்ற நீ. யாரு காதுக்கு சொல்ற?"

அம்மா அழுதாள். அவர் சமாதானம் சொல்லவில்லை. நல்ல மனுஷன், மன்னித்துவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் முகம் அப்படி இல்லை. நான் முன்னால் போய், "நைனாவுக்காக நான் மன்னிப்பு கேக்கறேன் மாமு," என்றேன்.

"எனுக்கு ஒன் மன்னிப்பு வேணாம், இவ மன்னிப்பும் வேணாம். அவன் சொன்னது இங்க இல்ல, கரையில. அத்த கேட்டவனுங்க எல்லாம் இன்னும் உயிரோடதான் கீறானுங்க. ஒருத்தனாவது இன்னிக்கு என்னாண்ட என்ஜினு கொண்டாறானா?" அவ்வளவுதான் சொன்னார். மறுபடி ரெஞ்சை எடுத்துக்கொண்டார்.

ஜீப்பு ஓடுகிறது நைனா. ஆவி இல்லை, குமிழி இல்லை. தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே நிற்கிறது. கொஞ்சம் ஓட்டிய பிறகு போல்ட்டுகளை இன்னொரு தடவை இறுக்க வேண்டும் என்று வரச் சொல்லியிருந்தார். சேகர் மட்டும் எடுத்துப் போனார். யூசுப் மாமு இறுக்கிக் கொடுத்துவிட்டு, கரையில் டிராக்டர் இன்னும் நிற்கிறதா என்று மட்டும் கேட்டாராம். நிற்கிறது. ஆனால் நேற்று ஈர மணலில் அது புதைந்துபோய், அதையும் ஏழுமலையின் படகையும் சேர்த்து உன் ஜீப்புதான் வெளியே இழுத்தது. ஏழுமலை ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததே பெரிது.

நாளைக் காலையில் படகெல்லாம் வந்து சேர்கிற நேரத்துக்கு நான் கரைக்குப் போகிறேன். அம்மாவும் வருகிறாள். நீ நின்று சொன்ன இடத்திலேயே நின்று, நீ சொன்ன அளவுக்கு உரக்க, யூசுப் பழையதைப் புதிது என்று போட்டவர் இல்லை என்று சொல்லப் போகிறேன். ஒருநாள் சொன்னால் போதாது என்றால் எல்லோர் காதிலும் விழுகிற வரைக்கும் போய்ச் சொல்வேன். கரைக்கு வராதவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் உனக்கு எழுதுகிற இதை ஊர் படிக்க எழுதுகிறேன். நீ உப்புத் தண்ணீர் ஊற்றியவன் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன். இரண்டு பேரும் உண்மைதான் பேசினீர்கள். இரண்டு பேரும் நம்பத்தான் இல்லை. இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. ஏழுமலையோ வேறு யாரோ ஒரு படகு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு அந்தப் பட்டறை வாசலில் போய் நிற்கிறவரைக்கும் விடமாட்டேன்.

அம்மாமேல் கோபப்படாதே. கோபப்பட்டே தீருவேன் என்றால், அந்தத் தண்ணீரைக் குடித்துப் பிழைத்தவள்மேலும் சேர்த்துக் கோபப்படு. உன்னால் அது முடியாது.

உன் புத்தியைச் சீதனமாக வாங்கிக்கொண்டு வந்த மகள்,
கஸ்தூரி